தூங்குவது பாவமா? கண் விழிப்பது புண்ணியமா?

கடவுளையும் மதத்தையும் ஜாதியையும் பற்றி எழுதிக் கொண்டிருந்தவர்கள் இப்பொழுது தூக்கத்தைப் பற்றி எழுதப் புறப்பட்டு விட்டார்களே, இவர்களுக்கு எழுத வேறு விஷயம் கிடைக்கவில்லையா என்று சிலர் நகைக்கலாம். மனிதன் தின்பதிலும், உடுப்பதிலும், பெண் கொள்வதிலும், பிணம் சுடுவதிலும் புகுந்து காசு பறித்த புரோகிதக் கூட்டம், அவன் கண்ணை மூடிப் படுக்கின்ற பாயை மட்டும் விட்டு வைத்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அது ஏமாளித்தனமேயாகும். எந்தத் திசையில் தலை வைப்பது, எந்த நாளில் தூங்கக் கூடாது, எந்த நாழிகையில் எழுந்தால் புண்ணியம், கண்ட கனவுக்கு என்ன பலன், அதற்கு என்ன பரிகாரம் என்று எல்லாவற்றிற்கும் அவர்களிடம் விதி எழுதி வைத்திருக்கிறது. ஒரு மனிதன் உடம்பு கெடாமல் உழைத்துப் பிழைக்க வேண்டுமானால் எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும் என்ற கேள்விக்கு மாத்திரம் அவர்கள் ஏட்டில் பதில் கிடையாது.

நம் ஜனங்களுடைய தூக்கத்தை இரண்டு கூட்டத்தார் பறித்து வருகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம். ஒரு கூட்டம் கண் விழித்தால் மோட்சம் என்கிறது. மற்றொரு கூட்டம் தூங்கினால் சோம்பேறி என்கிறது. முதற் கூட்டம் கோயிலில் இருக்கிறது. இரண்டாவது கூட்டம் ஆலையிலும், ஆபீசிலும், பண்ணையிலும் இருக்கிறது. இவை ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்தாசையாக இருந்து வருகின்றன என்பதை எடுத்துக் காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் தூக்கம் என்பது என்ன என்று பார்ப்போம். வெகு காலம் வரையில், உயிரானது உடம்பை விட்டு வெளியே உலாவப் போயிருக்கும் நேரந்தான் தூக்கம் என்று சொல்லி வந்தார்கள். மின்சாரக் கருவியைத் தலையில் பொருத்தி மூளையின் ஓட்டத்தைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இந்தப் புளுகு வெளியாயிற்று. 1953-இல் சிகாகோ சர்வகலாசாலையில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், தூங்குகிறவனுடைய மூடிய இமைக்குள்ளே விழிகள் சில வேளைகளில் அங்குமிங்கும் விரைந்து ஓடுவதையும், அந்த வேளையில் தட்டி எழுப்பினால் அவன் கனவு கண்டதாகச் சொல்வதையும் கண்டு வெளியிட்டார்கள். அதாவது, தூக்கத்தில் மூளை சும்மா கிடப்பதில்லை. ஆழ்ந்த தூக்கமும் கனவுத் தூக்கமுமாகச் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கு ஒரு சுற்று. ஒரு இரவில் இப்படி நாலைந்து சுற்று வருகிறது. பிள்ளைகள் வளர்வதற்கு வேண்டிய சுரப்பு நீர் ஆழ்ந்த தூக்கத்திலேயே அதிகமாகச் சுரக்கிறது. பகலில் படித்ததும் பழகியதும் மனதில் நன்றாகப் படிவதும் தூக்கத்தில்தான். ஆகவே தூங்குகிறவன் வேலை செய்யவில்லை என்று சொல்வது, அடுப்பில் வெந்து கொண்டிருக்கிற சோற்றைப் பார்த்து இது சும்மா இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

அடியோடு தூங்காவிட்டால் என்ன ஆகும்? அதே சிகாகோவில் 1980-களில் எலிகளைக் கண் மூடவே விடாமல் வைத்துப் பார்த்தார்கள். தீனி தாராளமாகக் கொடுத்தும், அவை முன்னிலும் அதிகமாகத் தின்றும், உடம்பு இளைத்து, இரண்டு மூன்று வாரங்களுக்குள் செத்துப் போயின. அன்னம் இல்லாமல் செத்தான் என்றால் இரக்கப்படுகிறோம். தூக்கம் இல்லாமல் உயிர் போகும் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சரி, எவ்வளவு தூங்க வேண்டும்? 2015-இல் அமெரிக்க நாட்டுத் தூக்க நிபுணர்கள் கூடி, அதுவரை வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் வைத்துக் கொண்டு ஒரு கணக்குச் சொன்னார்கள். பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி. 6 முதல் 13 வயது வரை 9 முதல் 11 மணி. 14 முதல் 17 வயது வரை 8 முதல் 10 மணி. பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 7 முதல் 8 மணி. கிழவர்களுக்குத் தூக்கம் எதற்கு என்று நம் வீடுகளில் திண்ணையில் தள்ளி வைக்கிறோமே, அதற்கு ஆதாரமில்லை என்பதை இந்தக் கடைசிக் கணக்கிலிருந்து தெரிந்து கொள்ளலாம். குறைந்த தூக்கத்திலேயே சுகமாயிருக்கப் பிறவியிலேயே அமைந்தவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மிக மிகச் சொற்பம். நம்மில் 'எனக்கு 5 மணி நேரம் போதும்' என்று மார் தட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தச் சொற்பத்தில் சேர்ந்தவர்கள் அல்ல. 2003-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், இரவுக்கு 6 மணி நேரம் வீதம் இரண்டு வாரம் தூங்கியவர்களைச் சோதித்துப் பார்த்தால், அவர்களுடைய கவனமும் சுறுசுறுப்பும் இரவு முழுக்க விழித்தவர்களுடைய நிலைக்குக் கிட்டத்தட்ட இறங்கியிருந்தன. வேடிக்கை என்னவென்றால், அவர்களைக் கேட்டபொழுது தங்களுக்கு அவ்வளவு ஒன்றும் கெடவில்லை என்றே சொன்னார்கள். கள் ஏறினவன் 'நான் நிதானமாய்த்தான் இருக்கிறேன்' என்று சொல்வதில்லையா? அதுபோலத்தான்.

உடம்புக்கு வரும் கெடுதியையும் சொல்லி விடுகிறோம். 1999-இல் 11 வாலிபர்களை ஆறு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டுப் பார்த்ததில், சர்க்கரையை உடம்பு சமாளிக்கிற சக்தி அவர்களுக்குக் குன்றிப் போயிருந்தது. 2015-இல் 164 பேருடைய மூக்கில் சளிக் கிருமியை விட்டுப் பார்த்ததில், 6 மணிக்கும் குறைவாகத் தூங்கி வந்தவர்களுக்கு, 7 மணிக்கு மேல் தூங்கி வந்தவர்களைப் போல் நாலு மடங்கு எளிதாகச் சளி பிடித்தது. நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி என்று 2023-இல் கணக்கு வெளியாயிற்று. வியாதிக்குப் பல காரணங்கள் உண்டு. எல்லாவற்றையும் தூக்கத்தின் தலையில் கட்ட நாம் வரவில்லை. இத்தனை வியாதிக்காரர்கள் உள்ள தேசத்தில் கண் விழிப்பதை விரதம் என்று கற்பிக்கலாமா என்பதுதான் நமது கேள்வி.

நிற்க, இனி அந்த விரதங்களைப் பார்ப்போம்.

வைகுண்ட ஏகாதசியன்று இரவெல்லாம் கண் விழித்துச் சொர்க்கவாசல் வழியே போனால் மோட்சம் என்கிறார்கள். சீரங்கத்தில் அந்த வாசலுக்கு உள்ளே இருக்கிற சாமி என்ன செய்து கொண்டிருக்கிறது? பாம்பின் மேல் கால் நீட்டிப் படுத்துக் கொண்டிருக்கிறது! ஆனி ஆடியில் படுத்தால் ஐப்பசி கார்த்திகை வரையில் நாலு மாதம் அது தூங்குவதாகவும், படுப்பதற்கு ஒரு ஏகாதசி, எழுந்திருப்பதற்கு ஒரு ஏகாதசி என்றும் அவர்களே விரதக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சிவன் கோயில்களிலோ ராத்திரியானால் பள்ளியறை பூஜை. சாமியின் பாதத்தைப் பல்லக்கில் வைத்துக் கொண்டு போய் அம்மனோடு படுக்க வைத்து, பால் வைத்து, பாட்டுப் பாடி, கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தால் மேளம் அடித்து எழுப்புகிறார்கள். கண்ணும் மூளையும் ஈரலும் இல்லாத செம்புக்கும் கல்லுக்கும் வேளை தவறாமல் படுக்கை. அந்தப் பல்லக்கைத் தோளில் சுமக்கிற சீர்பாதக்காரனுக்குத் திருவிழா பத்து நாளும் தூக்கம் கிடையாது. இது என்ன நியாயம் என்று பக்தர்களையே கேட்கிறோம்.

சிவராத்திரிக்கு அவர்கள் சொல்லும் கதை இதைவிட அழகானது. காட்டில் ஒரு வேடன் மிருகத்துக்குப் பயந்து வில்வ மரத்தில் ஏறிக் கொண்டானாம். தூங்கினால் விழுந்து விடுவோம் என்று இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டானாம். அங்கே ஒரு லிங்கம் இருந்ததாம். அதனால் அவனுக்குக் கைலாயம் கிடைத்ததாம். உயிருக்குப் பயந்து விழித்திருந்தவனுக்கு மோட்சம் என்றால், வயிற்றுக்காக விழித்திருப்பவனுக்கு என்ன? ரயில்வே கேட்டுக்காரன், ஆஸ்பத்திரி நர்சு, ஏ.டி.எம். வாசலில் தடியோடு குந்தியிருக்கும் காவற்காரன், பஞ்சாலையில் இரவு ஷிப்டில் நிற்கும் பெண், இவர்களுக்கெல்லாம் வருஷத்தில் பாதி நாள் சிவராத்திரிதானே? இவர்களில் எத்தனை பேரைக் கூட்டிக் கொண்டு போக விமானம் வந்தது? கூலியாவது ஒழுங்காக வந்ததா? பக்தர்களோ அன்று இரவு முழுவதும் சிவனை நினைக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. விடிய விடியச் சினிமாவும், ஏகாதசியானால் பரமபதச் சோழியுமாகப் பொழுதைப் போக்கி, காலையில் சிவந்த கண்ணோடு மோட்டார் சைக்கிள் ஏறி வேலைக்குப் போகிறார்கள்.

இந்தப் பழைய கதைகள் வெட்கக் கேடாயிருக்கின்றன என்று தெரிந்து கொண்ட புதுச் சாமியார்கள், இப்பொழுது விஞ்ஞானத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அன்றிரவு கிரகங்கள் நிற்கும் நிலையால் மனிதனுடைய சக்தி தானாக மேலே கிளம்புகிறதாம். அதனால் முதுகெலும்பை நிமிர்த்தி விழித்திருக்க வேண்டுமாம். அந்தச் சக்தியை எந்தக் கருவி அளந்தது, எத்தனை அளவு, யார் யாரைச் சோதித்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. பாட்டுக் கச்சேரிதான் வரும். விளக்கும், மேளமும், விலைக்கு விற்கும் ஆசனமும் இல்லாமல் இந்தக் கிரகச் சக்தி ஏன் ஏறுவதில்லை என்பதும் நமக்கு விளங்கவில்லை.

இது போன்ற வாடகை விஞ்ஞானத்துக்கு மற்றொரு உதாரணம் வடக்கே தலை வைக்கக் கூடாது என்பது. முன்னெல்லாம் இதற்குப் பிள்ளையார் கதை சொன்னார்கள். வடக்கே தலை வைத்துத் தூங்கிய யானையின் தலையை வெட்டி ஒட்டினார்களாம். இப்பொழுது பூமியின் காந்தம் இரத்தத்திலுள்ள இரும்பை இழுக்கிறது என்கிறார்கள். இரத்தத்திலுள்ள இரும்பு, லாடத்து இரும்பைப் போலக் காந்தத்தில் ஒட்டிக் கொள்ளும் நிலையில் இல்லை. அது கிடக்கட்டும், ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழாய்க்குள் படுக்க வைக்கிறார்களே, அந்தக் காந்தம் பூமியின் காந்தத்தைப் போல் ஏறக்குறைய முப்பதினாயிரம் மடங்கு பலமுள்ளது. அதற்குள் அரை மணி நேரம் படுத்தவனுடைய இரத்தம் தலைக்கு ஓடி விடவில்லை. எழுந்து நடந்து வீட்டுக்குத்தான் வருகிறான். ஆதலால் தோழர்கள் காற்று வருகிற பக்கமாகத் தலை வைத்துப் படுப்பார்களாக.

பேய் விஷயமும் ஒன்று சொல்ல வேண்டும். தூக்கத்தில் விழிப்பு வந்தும் கை கால் அசைக்க முடியாமல், நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருப்பது போலிருப்பதை அமுக்குவான் பேய் என்று சொல்லி, தாயத்துக் கட்டி, வேப்பிலை அடிக்கிறார்கள். கனவுத் தூக்கத்தில், கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடி விடாதபடி உடம்பின் தசைகளை மூளை கட்டிப் போட்டு வைக்கிறது. சில வேளைகளில் அந்தக் கட்டு அவிழ்வதற்கு முன் விழிப்பு வந்து விடுகிறது. இவ்வளவுதான் அமுக்குவான். ஓரிரு நிமிஷத்தில் தானே போய் விடும். தூக்கம் கெட்டவர்களுக்கும், வேளை தவறிப் படுப்பவர்களுக்கும் இது அதிகமாக வருகிறது. அப்படிப்பட்டவனைப் பூசாரி நடுநிசியில் எழுப்பி உட்கார வைத்து உடுக்கை அடித்தால் நோய் தீருமா, வளருமா?

இனி இரண்டாவது கூட்டத்துக்கு வருவோம். தூக்கத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர் மூதேவி. லட்சுமிக்கு மூத்தவளாம், கழுதை வாகனமாம், காக்கைக் கொடியாம். இந்தப் பெயர் யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். பண்ணையார் மத்தியானம் மூக்கு முட்டத் தின்று விட்டு ஊஞ்சலில் சாய்ந்தால் 'அய்யா இளைப்பாறுகிறார்கள்' என்று பெயர். வாசலில் சத்தம் போடக் கூடாது. விடியற்காலம் நாலு மணியிலிருந்து சேற்றில் நின்ற பண்ணையாள் வரப்பு மரத்தடியில் கண்ணயர்ந்தால் 'மூதேவி பிடித்த பயல்' என்று பெயர். வள்ளுவர்கூட ஒரு மனிதனைக் கெடுக்கும் நாலில் தூக்கத்தையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். வேலையில்லாமல் தின்று தூங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதை எடுத்து ஓதுகிறவர்கள் உழைக்கிறவனுக்குத்தான் ஓதுகிறார்கள்.

வீட்டுக்குள்ளே இந்த மூதேவிப் பட்டம் பெண்களுக்கே உரியது. எல்லோருக்கும் முந்தி எழுந்து எல்லோருக்கும் பிந்திப் படுப்பவள்தான் குலமகள் என்று அவளுக்குப் பால்குடியிலிருந்தே கற்பிக்கப்படுகிறது. மார்கழிப் பனியில் மாப்பிள்ளை போர்த்திக் கொண்டு கிடக்க, அவள் நாலரைக்குச் சாணி தெளித்துக் கோலம் போட வேண்டும். பாவை நோன்பின் பாட்டிலும், தூங்குகிற பெண்ணைத்தான் வாசலில் நின்று எழுப்புகிறார்கள். இந்திய சர்க்கார் 2019-இல் எடுத்த கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் கூலியில்லாமல் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிஷம். வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண் செலவிடுவது 97 நிமிஷம். இதில் கைக்குழந்தைக்காக ராத்திரி எழுந்திருப்பது சேரவில்லை. இவள் பகலில் சோர்ந்து போனால் காற்றுச் சேட்டை என்கிறார்கள். எரிந்து விழுந்தால் வாயாடி என்கிறார்கள். தலை சுற்றினால் திருஷ்டி என்கிறார்கள். ஏழு மணி நேரம் தூங்கவிட்டுப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மேடையில் பெண் விடுதலை பேசுகிற நம் தோழர்களைக் கேட்கிறோம்: இன்று காலையில் உங்கள் வீட்டில் முதலில் எழுந்தது யார்? நாளை நீங்கள் எழுந்து தண்ணீர் பிடித்து அடுப்பைப் பற்ற வைத்தால் இயக்கத்துக்கு ஒரு நஷ்டமும் வராது.

ஆலைக்காரர்கள் கணக்குக்கு வருவோம். 8 மணி வேலை, 8 மணி பொழுது, 8 மணி ஓய்வு என்பது 1817-இலேயே இங்கிலாந்தில் ராபர்ட் ஓவன் சொன்னது. அதற்காக 1886 மே மாதத்தில் சிகாகோவில் தொழிலாளர் இரத்தம் சிந்தினார்கள். 1923 மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் நம் தோழர் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினக் கூட்டம் நடத்தினார். ஆக, தொழிலாளி கேட்ட மூன்றில் ஒரு பங்கு தூக்கந்தான். நூறு வருஷத்துக்குப் பிறகு, 2023 ஏப்ரலில், அதே சென்னையில் நாளொன்றுக்கு 12 மணி வேலைக்கு வழி விடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிலாளரும் கட்சிகளும் கிளம்பியதால் மே தினத்தன்று வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் பெங்களூர்ப் பெரும் முதலாளி ஒருவர் வாலிபர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025-இல் மற்றொரு பெரிய கம்பெனித் தலைவர் 90 மணி என்றார். ஞாயிற்றுக்கிழமை நீக்கிப் பார்த்தால் 90 மணி என்பது நாளொன்றுக்கு 15 மணி. மிச்சம் 9 மணி. அதில் போக வர 2 மணி, குளிக்க, உண்ண, பிள்ளை முகம் பார்க்க 2 மணி தள்ளினால், படுக்கைக்கு 5 மணி. இந்த எஜமானர்கள் வைத்திருக்கும் இயந்திரத்துக்குக்கூட எண்ணெய் போடவும் துடைக்கவும் நேரம் ஒதுக்குவார்கள். இயந்திரம் கெட்டால் நஷ்டம் அவர்களுடையது. மனிதன் கெட்டால் நஷ்டம் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுடையது.

இரவு ஷிப்டு இதைவிடக் கொடியது. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது வெளிச்சம். இரவில் விழித்துப் பகலில் படுக்கிறவனுக்குக் கடிகாரம் ஒரு பக்கமும் வேலை ஒரு பக்கமும் இழுக்கிறது. உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கிளை, இவ்வகை இரவு வேலை புற்றுநோயை உண்டாக்கக் கூடியதாகத் தோன்றுகிறது என்று 2007-இல் வகைப்படுத்தி, 2019-இல் திரும்ப ஆராய்ந்தும் அதையே சொல்லிற்று. நம் கொங்கு நாட்டுப் பஞ்சாலைகளிலும் திண்டுக்கல் பக்கத்து ஆலைகளிலும், கலியாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாக ஆசை காட்டி, சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயர் வைத்து, ஏழை வீட்டுப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, இரவு பகல் பாராமல் வேலை வாங்கினார்களே, அந்தப் பெண்களுடைய தூக்கத்தின் விலை எவ்வளவு? தாலிக்காகத் தூக்கத்தை விற்கச் சொன்ன அந்தப் பெயரிலேயே, நாம் சொன்ன இரண்டு கூட்டமும் கை கோத்து நிற்பதைக் காணலாம்.

லாரி, வேன் ஓட்டுகிறவர்களுடைய சங்கதி உயிர்ச் சங்கதி. நம் நாட்டுச் சட்டம் 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் டிரைவரைத் தண்டிக்கிறது. 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவனுடைய கையும் கண்ணும் 50 மில்லிகிராம் ஏறினவனுடையதைப் போலவோ, அதைவிட மோசமாகவோ இருக்கும் என்று 2000-இல் வெளியான ஒரு ஆராய்ச்சி காட்டிற்று. மோட்டார்த் தொழிலாளருக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலையில்லை என்று 1961-லேயே சட்டம் வந்தது. பழனிக்கும் சபரிமலைக்கும் திருப்பதிக்கும் வேன் கட்டுகிற பக்தர்கள் இதைக் கவனிக்கிறார்களா? பகலெல்லாம் சவாரி ஓட்டிய டிரைவரை ராத்திரியும் ஓட்டச் சொல்லி, பின்னால் சரணம் போட்டுத் தூங்குகிறார்கள். புறப்படும்பொழுது சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், முன்னால் பூசணிக்காய், உள்ளே சாமி படம். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் டிரைவருக்கு நாலே வினாடி கண் சொக்கினால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் ஓட்டுபவன் இல்லாமல் ஓடுகிறது. அந்த 90 மீட்டரில் எந்த எலுமிச்சம்பழமும் பிரேக் போடாது. மறுநாள் பத்திரிகையில் விதி என்று எழுதுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து படித்தால் சரஸ்வதி வருவாள் என்று நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து எழுப்புகிறார்கள். சூரியன் உதிக்கும்பொழுது தூங்கி விட்ட மாணாக்கன் அன்று பகல் பட்டினி கிடந்து ஜெபிக்க வேண்டும் என்று மனுவும் தன் இரண்டாவது அத்தியாயத்தில் தண்டனை வைத்திருக்கிறார். நாலு மணிக்கு எழுவது தப்பல்ல. ஏழு மணிக்கே படுத்திருந்தால் ஒன்பது மணித் தூக்கம் ஆகியிருக்கும். பத்தரை வரையில் டெலிவிஷன் தொடரும், பதினொன்றரை வரையில் செல்போனும் ஓடுகிற வீட்டில் அதெங்கே நடக்கிறது? மேலும் பதின்மூன்று பதினான்கு வயதிலிருந்து உடம்புக் கடிகாரம் இயற்கையாகவே பின் தங்கி ஓடுகிறது. அந்த வயதுப் பிள்ளை இரவில் சீக்கிரம் தூங்க முடியாமலும் காலையில் எழ முடியாமலும் இருப்பது கொழுப்பல்ல. இதை அறிந்துதான் கலிபோர்னியாவில் உயர்தரப் பள்ளிகள் காலை 8.30 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்ற சட்டம் 2022-இல் அமலுக்கு வந்தது. இங்கேயோ விடியற்காலை டியூஷனுக்குப் போய், பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிற பிள்ளைக்கு மக்கு என்று பட்டம் கட்டி, வல்லாரை லேகியமும் சரஸ்வதி யந்திரமும் வாங்கித் தருகிறார்கள்.

தூக்கம் வராதவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தினம் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுங்கள். காப்பி, டீயின் வேகத்தில் பாதி குறையவே ஐந்து மணி நேரம் ஆகுமாதலால் சாயங்காலத்தோடு நிறுத்துங்கள். சாராயம் தூக்கம் தரும் என்பது பொய். மயக்கிப் போட்டு நடுநிசியில் எழுப்பி விடும். பலமாகக் குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்று திணறுகிறவன் சுகமாகத் தூங்குகிறான் என்று எண்ணாமல் டாக்டரிடம் காட்டுங்கள். எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதிக்கு இரத்தச் சோகையோ வேறு வியாதியோ காரணமாயிருக்கலாம். குறி கேட்கப் போகாமல் இரத்தத்தைச் சோதியுங்கள். ஒரே அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிற ஏழைக்கு இந்தப் புத்திமதிகளால் பெரிய பிரயோஜனம் இல்லை என்பது நமக்குத் தெரியும். அவனுக்கு வேண்டியது காற்றோட்டமுள்ள வீடும், சாக்கடை இல்லாத தெருவும், ஒரு கொசுவலையுமாகும். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் ராஸ் என்பவர் 1897-இல் கண்டது இதே நாட்டில் சிகந்தராபாத்தில். அதற்குப் பிறகும் வாசலில் திருஷ்டிப் பொம்மை தொங்குகிற அளவு வீடுகளில் கொசுவலை தொங்கவில்லை.

கடைசியாக, நாமே உடனே செய்யக் கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. ஆடி வந்தால் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவதும், மார்கழி வந்தால் நாலரை மணிக்குக் குழாயில் பாட்டு அலறுவதும், ஊரெல்லாம் தூக்கம் கெடுவதும் தெரிந்ததே. 2000-ஆம் வருஷத்தில் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் வெளியிடங்களில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழாவுக்காகச் சர்க்கார் தளர்த்தலாம்; அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் இல்லை, நடுநிசி 12 மணிக்கு மேல் இல்லை. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது. அதே வருஷத்தில் சென்னைக் கிறிஸ்தவ சபை ஒன்றின் வழக்கில், ஒலிபெருக்கி வைத்துப் பிறர் அமைதியைக் கெடுத்துத் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. 2012-இல், டில்லி ராம்லீலா மைதானத்தில் நடுநிசியில் தூங்கியவர்களைப் போலீசார் அடித்து விரட்டிய வழக்கில், தூக்கமும் மனிதனுடைய அடிப்படை உரிமையில் சேர்ந்தது என்று அதே கோர்ட்டு சொல்லிற்று. கோயிலுக்கும், மசூதிக்கும், மாதா கோயிலுக்கும், கட்சிக் கூட்டத்துக்கும் இது ஒன்றுபோல் செல்லும். நமது கூட்டங்களும் 10 மணிக்கு முடிய வேண்டும்.

சட்டம் இருந்தும் நடக்காததற்குக் காரணம் கேட்பதற்கு ஆளில்லாததே. ஒருவர் மட்டும் மனுப் போட்டால் சாமி குற்றம் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் மிரட்டுவார்கள். ஆகையால் தோழர்கள் அந்தந்தத் தெருவில் கைக்குழந்தைக்காரர்கள், பரீட்சைப் பிள்ளைகளைப் பெற்றவர்கள், இரவு ஷிப்டுக்குப் போகிறவர்கள், நோயாளி வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும், அவர்கள் பக்தரா அல்லவா என்று பாராமல், கையெழுத்து வாங்கி, எந்த இடம், எத்தனை குழாய், எந்தெந்த மணி நேரம் என்பதைக் கண்டு, ஆடி பிறக்க ஒரு மாதம் இருக்கும்பொழுதே கலெக்டருக்கு ஒன்றும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒன்றுமாக மனுக் கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக் கொள்ளும்படி கேட்டுக் கொள்கிறோம்.